மை.இனியில் கைவைத்தபின் மைஎஸ்க்யூஎல் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மை.இனி என்பது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள சர்வர் தொடங்கும்போது தன் அமைப்புகளைப் படிக்கும் கோப்பு. விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப்பில், இன்ஸ்டாலர் வழியாகப் போட்ட மைஎஸ்க்யூஎல் 8.0 சர்வருக்கான வழிமுறை இது. 8.4 வேறுபடும் இடங்களையும், ஸாம்ப்புடன் (வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) வரும் மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த சர்வர்) வேறுபடும் இடங்களையும் அங்கங்கே குறித்திருக்கிறோம். கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு.

மை.இனியைத் திறப்பதற்கு முன் அதே ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து, தேதியோடு பெயர் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வரியை மாற்றி, சர்வீஸை (பின்னணியில் ஓடும் சர்வர் நிரலை) நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த இருபது வரிகளை மொத்தமாக ஒட்டிவிட்டு "சர்வர் ஏறவில்லை" என்றால், இருபதில் எது கெடுத்தது என்று தேடவே பாதி நாள் போய்விடும். இன்னொன்று: பஃபர் பூல் (தரவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) அளவு, பாக்கெட் அளவு போன்ற பல அமைப்புகளை 'செட் குளோபல்' கட்டளையால் ஓடும் சர்வரிலேயே மாற்றிப் பார்க்கலாம். சரிப்பட்டால் மட்டும் கோப்பில் எழுதுங்கள்.

அறிகுறி: மாற்றியாயிற்று, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை

பெரும்பாலும் மதிப்பில் தவறு இருக்காது. சர்வர் படிக்கும் கோப்பு வேறு, நீங்கள் திருத்திய கோப்பு வேறு.

சர்வர் நிரல் இருப்பது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில். அங்கே போய்ப் பார்த்து மை.இனி இல்லையே என்று புதிதாக ஒன்றை உருவாக்குகிறவர்கள் ஏராளம். உண்மையான கோப்பு இருப்பது இங்கே:

சி:\புரோகிராம்டேட்டா\மைஎஸ்க்யூஎல்\மைஎஸ்க்யூஎல் சர்வர் 8.0\மை.இனி

புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அல்லது முகவரிப் பட்டையில் பாதையை நேராகத் தட்டலாம். 8.4 என்றால் ஃபோல்டர் பெயரில் 8.4 இருக்கும். ஸாம்ப்பில் சி:\ஸாம்ப்\மைஎஸ்க்யூஎல்\பின் ஃபோல்டருக்குள் இருக்கிறது.

ஊகிக்க வேண்டாம், சர்வீஸையே கேளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்சி க்யூசி மைஎஸ்க்யூஎல்80' என்று தட்டினால், சர்வீஸைத் தொடங்கும் முழு வரியும் வரும். அதில் --டிஃபால்ட்ஸ்-ஃபைல் என்பதை அடுத்து வரும் பாதைதான் படிக்கப்படும் கோப்பு. அந்த வரி இருக்கும்வரை வேறெந்த மை.இனியையும் சர்வர் சீண்டாது. இதைப் பவர்ஷெல்லில் தட்டாதீர்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் 'எஸ்சி' என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர். 'க்யூசி' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு அமைதியாக இருந்துவிடும். அங்கே 'எஸ்சி.எக்ஸி' என்று முழுதாகத் தட்ட வேண்டும்.

கோப்பு சரி என்று உறுதியானபின், மதிப்பு எங்கிருந்து வந்தது என்று சர்வரிடம் கேட்கலாம். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் வேரியபிள்ஸ்_இன்ஃபோ என்றொரு அட்டவணை உண்டு. அமைப்பின் பெயரைக் கொடுத்து, வேரியபிள்_சோர்ஸ், வேரியபிள்_பாத் என்ற இரண்டு பத்திகளை எடுங்கள். பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. பாதிச் சந்தேகம் இங்கேயே தீரும்.

'எக்ஸ்ப்ளிசிட்' என்று வந்தால், டிஃபால்ட்ஸ்-ஃபைலில் சொன்ன கோப்பிலிருந்துதான் வந்திருக்கிறது. பாதையும் கூடவே தெரியும். அப்படியும் மதிப்பு பழையதாக இருந்தால், அதே பெயர் கோப்பில் கீழே இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். கடைசியாக வருவதுதான் செல்லும்.

'கம்பைல்ட்' என்றால் உங்கள் வரி படிக்கப்படவே இல்லை. முன்னால் இருந்த # குறியை எடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது வரி தவறான தலைப்பின் கீழ் இருக்கும். சதுர அடைப்புக்குள் [மைஎஸ்க்யூஎல்டி] என்றிருப்பது சர்வருக்கான பகுதி. கடைசியில் 'டி' இல்லாத [மைஎஸ்க்யூஎல்] கட்டளைவரி கிளையன்ட்டுக்கானது. கோப்பின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும்போது எந்தத் தலைப்பின் கீழ் விழுகிறது என்று பாருங்கள்.

'பெர்சிஸ்டட்' என்றால் யாரோ 'செட் பெர்சிஸ்ட்' போட்டிருக்கிறார்கள். அந்த மதிப்பு டேட்டா ஃபோல்டரில் உள்ள மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்ற கோப்பில் இருக்கிறது; அது மை.இனிக்குப் பிறகு படிக்கப்படுவதால் அதுவே வெல்லும். அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். 'ரீசெட் பெர்சிஸ்ட்' என்று அமைப்பின் பெயரோடு கட்டளை கொடுத்தால் போதும்.

மரியாடிபியில் இந்த அட்டவணை கிடையாது. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் சிஸ்டம்_வேரியபிள்ஸ் அட்டவணையில் குளோபல்_வேல்யூ_ஆரிஜின் என்ற பத்தியைப் பாருங்கள்.

அறிகுறி: சேமிக்கவே விடமாட்டேன் என்கிறது

சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோட்பேடை வலது சொடுக்கி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, அதன் உள்ளிருந்து கோப்பைத் திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுப் பிறகு அங்கே நகர்த்துவது இன்னொரு வழி. ஆனால் அப்போது 'மை.இனி.டிஎக்ஸ்டி' என்று பெயர் நீண்டுவிடும் ஆபத்து உண்டு. எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிப் பெயர்களைக் காட்டச் சொல்லிவிட்டுச் சரிபாருங்கள்.

அறிகுறி: சர்வீஸ் தொடங்கி உடனே நின்றுவிடுகிறது, அல்லது எரர் 1067

1067 என்ற எண்ணைத் தேடிப் போகாதீர்கள். "நிரல் எதிர்பாராமல் நின்றது" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. காரணம் எரர் லாக்கில் இருக்கிறது: புரோகிராம்டேட்டாவில் அதே சர்வர் ஃபோல்டருக்குள் உள்ள டேட்டா ஃபோல்டரில், உங்கள் கணினியின் பெயரோடு .எர் என்று முடியும் கோப்பு. ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல்_எரர்.லாக். கடைசியிலிருந்து மேலே படித்து, 'எரர்' என்ற சொல் முதலில் தோன்றிய வரியைப் பிடியுங்கள். 'அபார்ட்டிங்' என்ற கடைசி வரி விளைவு மட்டுமே.

லாக்கில் இன்றைய நேரத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால், லாக்கைத் திறக்கும் முன்பே, மை.இனியைப் படிக்கும்போதே, சர்வர் விழுந்திருக்கிறது. அப்போது அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, சர்வரின் 'பின்' (bin) ஃபோல்டருக்குப் போய், மைஎஸ்க்யூஎல்டி நிரலை டிஃபால்ட்ஸ்-ஃபைல் பாதையோடு நேரடியாக ஓட்டுங்கள். நிரல் பெயரை அடுத்து முதலில் டிஃபால்ட்ஸ்-ஃபைல்தான் வர வேண்டும். பாதையில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி அவசியம். கடைசியில் --கன்சோல் சேர்த்தால் பிழை திரையிலேயே விழும். 8.0.16 முதல் --வேலிடேட்-கான்ஃபிக் என்றும் ஒன்று உண்டு: கோப்பைச் சோதித்துவிட்டு வெளியேறும், பிழை இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது. ஆனால் அது ஸ்டோரேஜ் எஞ்சினை, அதாவது தரவை வட்டில் எழுதிப் படிக்கும் பகுதியை, தொடங்குவதில்லை. இயல்பான எஞ்சினாகிய இன்னோடிபி சார்ந்த அமைப்புகளில் உள்ள கோளாறு அதற்குப் பிடிபடாது, அவற்றுக்குக் கன்சோல்தான்.

இனி, வரும் செய்தியைப் பொறுத்து:

முதல் வரியிலேயே "தலைப்பு இல்லாமல் ஓர் ஆப்ஷன்" என்ற பொருளில் குறை சொன்னால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேடில் 'யூடிஎஃப்-8' என்று சேமித்தால் 'பாம்' எனப்படும் மூன்று பைட்டுகள் முன்னால் ஒட்டிக்கொள்ளும். 'யூனிகோட்' என்று சேமித்தால் இன்னும் மோசம். 'சேவ் ஆஸ்' போய் 'ஆன்சி' என்று தேர்ந்து சேமியுங்கள். மை.இனிக்குள் தமிழில் குறிப்பு எழுத ஆசைப்பட்டால், பாம் இல்லாத யூடிஎஃப்-8.

'அன்நோன் வேரியபிள்' என்றால் அந்தப் பதிப்பில் இல்லாத அமைப்பை எழுதியிருக்கிறீர்கள். முதல் குற்றவாளி க்வெரி_கேஷ்_சைஸ். 5.7-க்கு எழுதிய பழைய அறிவுரைகளில் எல்லாம் அது இருக்கும், 8.0-இல் க்வெரி கேஷே எடுக்கப்பட்டுவிட்டது. மரியாடிபியில் இன்னும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. 8.4-க்கு மாறியவர்களுக்கு டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின் அதே வேலையைச் செய்யும். வரியை எடுத்துவிடுங்கள். ஒரே கோப்பை இரண்டு பதிப்புகளுக்கு வைத்திருக்கிறவர்கள் பெயரின் முன்னால் 'லூஸ்_' சேர்க்கலாம். தெரியாத அமைப்பானால் எச்சரித்துவிட்டு மேலே போகும்.

'அன்நோன் சஃபிக்ஸ்' என்றால் அளவை "1ஜிபி" என்று எழுதியிருக்கிறீர்கள். "1ஜி" என்றுதான் எழுத வேண்டும். கே, எம், ஜி என ஒற்றை எழுத்து, எண்ணை ஒட்டியபடி.

டேட்டா ஃபோல்டர் கிடைக்கவில்லை என்று, பாதையை உடைத்துக் காட்டினால், பின்சாய்வுக் கோட்டின் வேலை. இந்தக் கோப்பில் பின்சாய்வை அடுத்துச் சில சின்ன எழுத்துகள் வந்தால் அதற்குத் தனிப்பொருள்: 'என்' வந்தால் புதுவரி, 'எஸ்' வந்தால் இடைவெளி, 'டேப்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தான t வந்தால் டேப். 'நியூடேட்டா' என்ற ஃபோல்டரின் முதல் எழுத்து 'என்', 'எஸ்க்யூஎல்' என்று தொடங்கும் ஃபோல்டரின் முதல் எழுத்து 'எஸ்'. இரண்டும் சிக்கும். இந்த மூன்றும், தனிப்பொருள் உள்ள b, r என்பவையும் அல்லாத எழுத்தில் தொடங்கினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஒருவர் கணினியில் ஓடும் வரி இன்னொருவர் கணினியில் ஓடுவதில்லை. விண்டோஸாக இருந்தாலும் பாதைகளை முன்சாய்வு / போட்டே எழுதிப் பழகுங்கள்.

'எர்நோ: 13', 'பெர்மிஷன் டினைட்' என்றால் டேட்டா ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியிருப்பீர்கள். இன்ஸ்டாலர் போட்ட சர்வீஸ் வழக்கமாக 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற கணக்கின் பெயரில் ஓடுகிறது. புதிய ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை. ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, எடிட், ஆட் என்று போய் நெட்வொர்க் சர்வீஸுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். இடம் மாற்றும் வரிசை முக்கியம்: முதலில் சர்வீஸை நிறுத்துவது, பிறகு டேட்டா ஃபோல்டர் முழுவதையும் நகலெடுப்பது, உரிமை, மை.இனியில் டேட்டாடிர், கடைசியில் தொடக்கம். சில நாள் ஓடும்வரை பழைய ஃபோல்டர் அங்கேயே இருக்கட்டும்.

லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் பற்றி இரண்டு எண்களைக் காட்டிப் புகார் வந்தால், பழைய மதிப்பையே திரும்ப எழுதுங்கள். 8.0-இல் டேட்டா ஃபோல்டரை முதலில் உருவாக்கும்போது இருந்த மதிப்பு நிரந்தரம். விண்டோஸில் அது இயல்பாக 1. மாற்றியே ஆக வேண்டுமென்றால் தரவை எஸ்க்யூஎல் கோப்பாக டம்ப் எடுத்து, புது டேட்டா ஃபோல்டர் உருவாக்கி, திரும்ப ஏற்றுவதுதான் வழி.

'பைண்ட் ஆன் டிசிபி/ஐபி போர்ட்' என்றால் 3306-ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஸாம்ப். 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' பட்டியலில் 3306-க்கு எதிரே உள்ள கடைசி எண்ணை டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் தேடினால் ஆள் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை 3307-க்கு மாற்றுங்கள். [மைஎஸ்க்யூஎல்டி], [கிளையன்ட்] இரண்டு தலைப்புகளின் கீழும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: சர்வர் ஓடுகிறது, ஆனால் பக்கத்துக் கணினியிலிருந்து இணைய முடியவில்லை

எரர் 2003-உடன் அடைப்பில் வரும் எண்ணைப் பாருங்கள். 10061 என்றால் கதவு மூடியிருக்கிறது: மை.இனியில் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 என்று இருக்கும், அல்லது போர்ட் எண் தவறு. நெட்ஸ்டாட்டில் 0.0.0.0:3306 என்று தெரிந்தால் எல்லாப் பக்கமும் கேட்கிறது, 127.0.0.1:3306 என்றால் தன் கணினியை மட்டும். 10060 என்றால் பதிலே வரவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலில் 3306-க்கு உள்வரும் விதி சேர்க்க வேண்டும். 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதியுங்கள், 'பப்ளிக்' வேண்டாம். எரர் 1130 என்றால் மை.இனியை மூடிவிடுங்கள். அது பயனர் உரிமைப் பிரச்சினை; அந்தக் கணினிக்கான பயனரைச் சர்வரில் உருவாக்க வேண்டும்.

அறிகுறி: பெரிய எஸ்க்யூஎல் கோப்பை ஏற்றும்போது அறுந்துவிடுகிறது

எரர் 1153 அல்லது 2006. மேக்ஸ்_அலவ்ட்_பாக்கெட் சிறியது. 8.0 சர்வரில் இயல்பு 64எம், உச்சம் 1ஜி. சர்வரில் உயர்த்தியும் போகவில்லையென்றால் கிளையன்ட் தடுக்கிறது. கட்டளைவரி கிளையன்ட்டின் இயல்பு 16எம், டம்ப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் நிரலுக்கு 24எம். அவற்றின் தலைப்புகளின் கீழும் தனித்தனியே எழுதுங்கள். பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றினால் பிஎச்பியின் பதிவேற்ற வரம்பு வேறு இருக்கிறது, அது பிஎச்பி.இனியில்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வருகின்றன

மை.இனியைத் தொடும் முன், கெட்டது தரவா, திரையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'அம்மா' என்று இருக்க வேண்டிய ஒரு மதிப்பை எடுத்து, கேர்_லெங்த் (குறியீடுகளின் எண்ணிக்கை), லெங்த் (பைட்டுகளின் எண்ணிக்கை) என்ற இரண்டு சார்புகளையும் அதன்மேல் ஓட்டுங்கள். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என யூனிகோடில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 5, 15 என்று வந்தால் தரவு பத்திரம். கமாண்ட் பிராம்ப்ட்தான் காட்டத் தெரியாமல் முழிக்கிறது. ஒர்க்பெஞ்சில் திறந்து பாருங்கள்.

5, 5 என்றால் சேமித்தபோதே கேள்விக்குறியாகிவிட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பாது; மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். முதல் எண்ணே 15 ஆக வந்து, இரண்டாவது அதைவிடப் பெரிதாக இருந்தால், இருமுறை குறியேற்றம் ஆகியிருக்கிறது. திரையில் புள்ளியும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிவது இந்த வகை. இதைப் பெரும்பாலும் மீட்கலாம்.

5.7-இன் இயல்பு லத்தீன்1. அங்கே [மைஎஸ்க்யூஎல்டி] கீழ் கேரக்டர்-செட்-சர்வர் = யூடிஎஃப்8எம்பி4 என்று எழுத வேண்டும். 8.0-இல் அதுவே இயல்பு; பழைய மை.இனியை அப்படியே கொண்டுவந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. இந்த வரி இனி உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ள அட்டவணைகள் பழைய குறியேற்றத்திலேயே இருக்கும். அவற்றை 'ஆல்டர் டேபிள்... கன்வர்ட் டு கேரக்டர் செட்' போட்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், பேக்கப் எடுத்தபின்.

அறிகுறி: வேகத்துக்காக மெமரியைக் கூட்டினோம், கணினியே திணறுகிறது

இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் இயல்பு 128எம். மொத்த மெமரியில் முக்கால் பங்கு கொடுக்கலாம் என்று படிப்பது, அந்த வேலைக்கென்றே ஒதுக்கிய சர்வருக்கு. பிரவுசரும் எடிட்டரும் ஓடும் 8 ஜிபி டெஸ்க்டாப்பில் 1ஜி அல்லது 2ஜி-யோடு நிறுத்துங்கள். 8.0-இல் 1500எம் என்று எழுதினால் 2ஜி ஆகிவிடும். 1ஜி-யோ அதற்கு மேலோ போனால் பூல் 8 பகுதிகளாகப் பிரிகிறது, ஒவ்வொரு துண்டும் 128எம். ஆக 1ஜி-யின் மடங்குகளுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும்.

சார்ட்_பஃபர்_சைஸ், ஜாயின்_பஃபர்_சைஸ் இரண்டும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இயல்பு 256கே. அதை 256எம் என்று எழுதிவிட்டால், இயல்பான 151 இணைப்புகளும் சேர்ந்து கேட்கும்போது சார்ட்டுக்கு மட்டும் சுமார் 38 ஜிபி வரை போகலாம். இவை இரண்டையும் டெஸ்க்டாப்பில் தொடாமல் விடுவதே நல்லது. மெதுவான க்வெரிக்கு மருந்து பெரும்பாலும் இண்டெக்ஸ்தான்.

அறிகுறி: எரர் 1290, அல்லது 1055

'லோட் டேட்டா' 1290 என்று மறுத்தால், செக்யூர்_ஃபைல்_பிரிவ் சொல்லும் ஃபோல்டரில் உங்கள் சிஎஸ்வி இல்லை. மை.இனியை மாற்றுவதைவிட, புரோகிராம்டேட்டாவில் உள்ள 'அப்லோட்ஸ்' ஃபோல்டருக்குக் கோப்பை நகர்த்துவது சுலபம்.

பழைய பிஎச்பி நிரல் 1055 கொடுத்தால் எஸ்க்யூஎல்_மோடில் 'ஒன்லி_ஃபுல்_குரூப்_பை' தடுக்கிறது. க்வெரியைத் திருத்துவதே சரி. முடியாதபோது, தற்போதைய பட்டியலை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கி எழுதுங்கள். வெறும் மேற்கோள் குறி போட்டுக் காலியாக விட்டால் ஸ்ட்ரிக்ட் மோடும் சேர்ந்து போய்விடும். பிறகு 20 எழுத்துப் பத்தியில் 30 எழுத்துப் பெயரைப் போட்டால் மிச்சத்தை வெட்டிவிட்டு எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: பழைய மை.இனியைத் திரும்ப வைத்தும் சர்வர் ஏறவில்லை

அப்படியானால் கோளாறு அமைப்பில் இல்லை, டேட்டா ஃபோல்டரில். ஸாம்ப் பயனர்களுக்குச் சொல்லப்படும் "ஐபிடேட்டா1-ஐ அழித்துவிடு, ஓடும்" என்ற வைத்தியத்தைச் செய்யாதீர்கள். சர்வர் ஏறத்தான் செய்யும். அட்டவணைகளின் பெயர் மட்டும் தெரியும், திறந்தால் இல்லை என்று சொல்லும். ஐபி_லாக்ஃபைல் கோப்புகளையும், 8.0.30 முதல் வந்த #இன்னோடிபி_ரீடூ ஃபோல்டரையும் அப்படியே விடுங்கள்.

முதலில் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். பிறகு [மைஎஸ்க்யூஎல்டி] கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி = 1 என்று எழுதித் தொடங்கிப் பாருங்கள். ஏறாவிட்டால் 2, பிறகு 3. நான்கிலிருந்து தரவு நிரந்தரமாகக் கெடலாம். நகல் கையில் இல்லாமல் அங்கே போகக் கூடாது. ஏறியதும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, புது டேட்டா ஃபோல்டரில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் அந்த வரியை மை.இனியிலிருந்து நீக்கியாக வேண்டும். பூஜ்யத்துக்கு மேல் எந்த எண் இருந்தாலும் இன்னோடிபி எழுத விடாது. டம்ப் ஏறவில்லையே என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.